தங்கச்சிமடத்து வீட்டுக்கு டிவி: முப்பதாயிரமா, தொண்ணூறாயிரமா?

கடலோரக்காரி (கேள்வி)

வீட்டில் இருக்கிற 32 இன்ச் டிவியில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. இப்போது அதன் பக்கத்திலேயே இன்னும் இரண்டு. அம்மா கோட்டோடு சேர்த்தே சீரியல் பார்க்கப் பழகிவிட்டார். அப்பாவுக்குத்தான் முடியவில்லை, பந்து கோட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்று திட்டுகிறார். ஏப்ரல் 15 ஆனால் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை அவர் வீட்டில்தான், ஐபிஎல்லும் அதே நேரம். அதற்குள் புது டிவி வாங்கியாக வேண்டும்.

சவூதியில் இருக்கிற அண்ணன், காசைப் பற்றி யோசிக்காதே, பெரிய கம்பெனியில் 55 இன்ச்சாக எடு, தொண்ணூறாயிரம் வரை நான் அனுப்புகிறேன் என்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். அதே 55 இன்ச், அதே 4கே, கூகுள் டிவி எல்லாம் இருக்கிற இன்னொரு கம்பெனி டிவி 32 ஆயிரம், 43 இன்ச் என்றால் 22 ஆயிரம் என்கிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் இரண்டிலும் ஒரே வார்த்தைகள்தான். பிறகு எதற்கு மூன்று மடங்கு விலை? கடைக்காரரிடம் கேட்டால் "அது பிராண்டுமா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. கடல் கூப்பிடு தூரம். கிழக்குப் பார்த்த வாசல், பகலில் கதவைச் சாத்துகிற பழக்கம் கிடையாது. இப்போதைக்கு அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ், போன மாதம்தான் பைபர் நெட் போட்டோம். அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்கு கிரிக்கெட்டும் செய்தியும் (செய்தி என்றால் காற்று, மழை எச்சரிக்கை), எனக்கு ராத்திரியில் ஓடிடி. எதை எடுக்கலாம், சொல்லுங்கள். இன்னொன்று, 2006க்குப் பிறகு அரசு கொடுத்ததே 14 இன்ச் கலர் டிவி, பாட்டி வீட்டில் அது வருஷக்கணக்கில் ஓடியது. இப்போது வருகிறவை மட்டும் ஏன் இப்படி?

பாம்பன்_காற்று

அக்கா, கண்ணை மூடிக்கொண்டு 32 ஆயிரம் டிவியை எடுங்கள். நம் ராமேஸ்வரம் தீவில் உப்புக்காற்று தொண்ணூறாயிரத்தையும் தின்னும், முப்பதாயிரத்தையும் தின்னும். தின்றது போனால் போகட்டும் என்று விடுகிற விலையில் வாங்குங்கள். மிச்சம் 58 ஆயிரத்துக்கு அப்பாவுக்கு வலை வாங்கிக் கொடுக்கலாம்.

வெள்ளைமாளிகை_கீழக்கரை

தம்பி சொல்வதில் பாதிதான் சரி. டிவி எத்தனை வருஷம் உழைக்கும் என்று மட்டும் பார்க்கக் கூடாது, உழைக்கிற வருஷத்தில் எப்படிக் காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். தங்கச்சி, நீங்கள் சொன்னதில் முக்கியமான விஷயம், பகலில் கதவைச் சாத்த மாட்டோம் என்பது. விலை குறைந்த 4கே டிவிகளின் வெளிச்சம் பெரும்பாலும் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) அளவில்தான் இருக்கும். பெட்டியில் எச்டிஆர் (இருட்டும் வெளிச்சமும் கூடுதல் வித்தியாசத்தோடு வருகிற படம்) என்று போட்டிருப்பார்கள், ஆனால் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், அந்த வெளிச்சத்தைக் காட்டும் என்பதில்லை. கிழக்கு வாசல் வழியாகக் காலை வெயில் வரும்போது இருட்டுக் காட்சி ஏதாவது ஓடினால், திரையில் உங்கள் ஹாலும் நாற்காலியும்தான் தெரியும். விலை கூடின மினி எல்இடி டிவிகளில் இந்தத் தொல்லை குறைவு. பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கை, பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் விளக்கைக் குறைத்து, பளிச்சென்ற இடத்தில் கூட்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஆசைப்பட்டு ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற திரை) எடு என்பார். ராத்திரி படம் பார்க்க அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, கறுப்பு என்றால் உண்மையாகவே கறுப்பு. ஆனால் நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடுகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். மூலையில் அசையாமல் நிற்கிற சேனல் லோகோ, கீழே ஓடுகிற சிவப்புப் பட்டை, இதெல்லாம் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் நாளடைவில் திரையில் தழும்பு விழ வாய்ப்புண்டு.

அப்புறம், அண்ணன் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான் வந்தது. 2013 ஆகஸ்டில் பிளாட் டிவிக்கு ஏர்போர்ட் சலுகையை எடுத்துவிட்டார்கள், சுங்கம் கட்ட வேண்டும். கட்டிக் கொண்டுவந்தாலும் அங்கே கொடுத்த வாரண்டி பொதுவாக இங்கே செல்லாது. பணத்தை அனுப்பட்டும், டிவியை இங்கே வாங்கலாம்.

ஈயப்பற்று

மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கிறவன் நான். இரண்டு விலை டிவியும் என் மேஜைக்கு வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சைக் கோடு. திரைக் கண்ணாடியின் ஓரத்தில், மாடலைப் பொறுத்து கீழேயோ மேலேயோ, பழுப்பு நிறத்தில் மெல்லிய பிலிம் வரிசையாக ஒட்டியிருக்கும். காஃப் என்போம். அதற்குள்ளே தலைமுடியை விட மெல்லிய செம்புத்தடங்கள் நூற்றுக்கணக்கில் ஓடும். ஒரு தடம் அரித்துப்போனாலோ, ஒட்டு விட்டாலோ திரையில் ஒரு கோடு. பக்கத்துத் தடத்துக்கும் அரிப்பு போனால் இரண்டு, மூன்று. எங்கள் பக்கம் வருகிற டிவியைத் திறந்தால் அந்த ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும், ஈரமும் உப்பும் சேர்ந்து கரண்டும் ஓடினால் செம்பு நிற்காது. இதில் பிரீமியம், பட்ஜெட் வித்தியாசமே கிடையாது. அந்தப் பிலிம் இரண்டிலும் ஒரே ஜாதி. தொண்ணூறாயிரம் கொடுத்தால் உப்புக்காற்றைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காற்றை விடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது, ஈரத்துணி. கடல் பக்கத்து வீட்டில் திரை மேல் இரண்டு நாளில் பிசுபிசுவென்று ஒரு படலம் வந்துவிடும். உடனே துண்டை நனைத்துத் துடைப்பார்கள். பிழிந்தும் பிழியாமலும் இருக்கிற துணியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும், கரைந்த உப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பிலிமில் போய் உட்காரும். கோடு விழுந்து வருகிற டிவியில் கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசி வீட்டில் இந்தத் துடைப்புத்தான். டிவியை அணைத்து, சூடு ஆறிய பிறகு, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை லேசாக ஈரப்படுத்தித் துடையுங்கள். திரையில் நேராகத் தெளிக்கவே கூடாது.

பாட்டி வீட்டு டிவி வேறு ரகம். அது பிக்சர் டியூப். கண்ணாடி ஓரத்தில் ஒட்டுகிற இந்த மெல்லிய வேலையே அதில் இல்லை. போர்டில் தடமும் அகலம், பாகமும் பெரிது, அரித்தாலும் உட்கார்ந்து பற்று வைக்கலாம். இப்போது உள்ளதில் பேனல், அதாவது திரை, போனால் டிவியே போன மாதிரி. பேனல் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது டிவி வந்துவிடும். 32 ஆயிரம் டிவியில் அந்த அடி 32 ஆயிரத்தோடு முடியும், உங்கள் அண்ணன் சொல்கிற டிவியில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் டிவியில் அதிகம் போவது பேக்லைட் பட்டை. சத்தம் வரும், படம் வராது. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். பட்டை வாங்கி மாற்றினால் இரண்டாயிரம், மூவாயிரத்தில் வேலை முடியும். வாங்கிய அன்றே செட்டிங்கில் போய் பேக்லைட்டை 100லிருந்து 70க்கு இறக்கிவிட்டால் பட்டை கூடுதல் காலம் வரும். கடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று முழுசாக வைத்திருப்பார்கள். விலை கூடின டிவியில் இந்த வேலையே வேறு. உள்ளே விளக்கும் அதிகம், அடுக்கும் அதிகம், 55 இன்ச் கண்ணாடியைக் கழற்றி வைக்க நாலு கை வேண்டும், போர்டு கம்பெனி கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே நான் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்றுதான். கடையில் பில் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு ஆள் வருவாரா, எங்கிருந்து வருவார், டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் எங்கே போகும் என்று கேளுங்கள். ராமநாதபுரத்தில் ஆள் இருந்தால் சரி. "மதுரையிலிருந்து அனுப்புகிறோம்" என்றால் அந்த டிவி எந்த விலையானாலும் யோசியுங்கள்.

கேபிள்_புள்ளி

ஈயப்பற்று அண்ணே சொன்னது டிவியின் உடம்புக்கு. எதைப் பார்க்கிறோம் என்பதையும் கொஞ்சம் பேசுவோம்.

சாதாரண கேபிள் சேனலில் (எஸ்டி என்பது இதுதான்) படம் 720க்கு 576. பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். அதாவது வருகிற ஒரு புள்ளியை வைத்து டிவி இருபது புள்ளி போட வேண்டும், மிச்சம் பத்தொன்பதும் அதன் ஊகம். பத்தடி ஹாலில் 55 இன்ச்சில் எஸ்டி சீரியல் ஓட்டினால் முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கும். விலை கூடின டிவியில் இந்த ஊகம் கொஞ்சம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான், இல்லாத புள்ளியை அதுவும் கொண்டுவர முடியாது. அதனால் முதல் செலவு டிவியில் இல்லை, எச்டி பாக்ஸில். அம்மா பார்க்கிற இரண்டு மூன்று சேனலுக்கு எச்டி எடுத்துவிட்டு அப்புறம் டிவி பற்றிப் பேசலாம். ஓடிடியில் 4கே பார்க்க வேண்டுமானாலும் நெட்பிளிக்ஸில் விலை கூடின பிளான் வேண்டும், வேகமும் 15 எம்பிபிஎஸ் கேட்பார்கள். பைபர் போட்டுவிட்டீர்கள், அது பிரச்சினை இல்லை.

கிரிக்கெட்டுக்கு 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் மாறுகிற திரை, வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கில் வருவது. 120 ஹெர்ட்ஸ் பேனல் நடுவில் தானாகப் படம் செருகி வழுக்கலாகக் காட்டும், சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பந்து பஞ்சு மாதிரி போகிறது. கேம் விளையாட ஆள் இல்லாத வீட்டில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க மாட்டேன்.

இன்னொரு சங்கதி. பெரிய கம்பெனி என்றாலே உசத்தியான பேனல் என்று நினைக்க வேண்டாம். அதே கம்பெனியின் அடிமட்ட மாடலைப் பாருங்கள், சாதாரண 60 ஹெர்ட்ஸ் பேனல், பகுதி பகுதியாக மங்குகிற பேக்லைட் கிடையாது, 32 ஆயிரம் டிவிக்கும் அதற்கும் படத்தில் பெரிய தூரம் இருக்காது. பெயருக்காகப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கூடப் போகும். அந்தக் கூடுதல் காசுக்கு மென்பொருள் அப்டேட்டும் சர்வீஸ் ஆளும் கிடைத்தால் கொடுக்கலாம், படம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். விலையும் கொஞ்சம் பேரம் பேசுங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது. அந்த வித்தியாசத்தையே சில கடைகளில் "ஸ்பெஷல் ஆஃபர்" என்று போர்டு எழுதி வைத்திருந்தார்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி டிவி தொடங்கின பிறகு நம் கரையில் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி இலங்கை நிகழ்ச்சி பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாதி நேரம் புள்ளி மழை, அதையே தெருவே கூடிப் பார்த்தது. இப்போது நான் மெழுகு மூஞ்சி, பஞ்சுப் பந்து என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடலோரக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஈரத்துணி விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அப்போ கோட்டுக்கு நான்தான் காரணமா" என்று முறைத்தார், பேச்சை மாற்றிவிட்டேன்.

ஈயப்பற்று அண்ணே சொன்ன மாதிரி இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டேன். 32 ஆயிரம் டிவிக்கு, பின்கோடு அவர்கள் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஆள் எங்கிருந்து வருவார் என்றால் "புக் பண்ணுங்க மேடம், சொல்றோம்" என்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு ராமநாதபுரத்திலேயே ஆள் உண்டாம். அதே பெரிய கம்பெனியில் 43 இன்ச் 38 ஆயிரத்துக்கு இருக்கிறது, கேபிள்_புள்ளி சொன்ன அடிமட்ட மாடல்தான் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது மனசு அதில் நிற்கிறது, எச்டி பாக்ஸும் சேர்த்து. அண்ணன்தான் "55ஐ விட்டு 43க்கு இறங்குகிறாயே" என்கிறான். கரண்ட் பில் ஏறுமா, ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் ஸ்பைக் கார்டு போதும் என்கிறார்.

வெள்ளைமாளிகை_கீழக்கரை

பத்தடியில் 43 சின்னதுதான் தங்கச்சி, உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் ராத்திரி படம் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று தோன்றும். அதே கம்பெனியில் 50 இன்ச் இருந்தால் விலை கேட்டுப் பாருங்கள். அப்புறம் டிவியை வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள், வெயிலும் அதில்தான் விழும், காற்றும் அதில்தான் அடிக்கும். பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் நான் முன்னால் சொன்ன வெளிச்சப் பிரச்சினை பாதி தீரும். மினி எல்இடி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் இதையாவது செய்யுங்கள்.

பாம்பன்_காற்று

பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம் அக்கா. 43 இன்ச் நூறு வாட்ஸ் தின்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட். முதல் நூறு யூனிட் இலவசம். வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும்தான் பில்லை ஏற்றும். ஆனாலும் நான் 32 ஆயிரம் கட்சிதான், மாறவில்லை.

ஈயப்பற்று

ஸ்டெபிலைசர் கேள்விக்கு வருகிறேன். இப்போதைய டிவிகள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை ஓடுகிற மாதிரி செய்யப்பட்டவை, அதனால் லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. நம் பக்கம் டிவியைக் கொல்வது நியூட்ரல் கட், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி விட்டுப்போவது. கம்பத்தில் உப்புக்காற்று பட்டு ஜாயின்ட் அரித்து, வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வர வேண்டிய வீட்டுக்கு 350, 400 வரை ஏறி வரும். அது ஒரு நொடி இடி மாதிரி வந்து போவது இல்லை, யாராவது அணைக்கிற வரை நிற்கும். ஸ்பைக் கார்டு நொடி நேரத் துள்ளலைத் தாங்குமே தவிர இதைத் தாங்காது, தானும் கருகி டிவியையும் விட்டுவிடும். ஹை வோல்டேஜ் வந்தால் தானாக கட் ஆகிற ஸ்டெபிலைசராகக் கேட்டு வாங்குங்கள், டிவிக்கென்று வருகிற சின்னது இரண்டாயிரத்துக்கு உள்ளேதான் இருக்கும்.

இடி மின்னல் நாளில் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கேபிள் வயர் கம்பத்திலிருந்து பாக்ஸுக்கு வருகிறது, பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது. மின்னல் அந்த வழியாக வந்து மெயின் போர்டை அடித்த டிவிகளை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன். எச்டிஎம்ஐ வயரையும் கழற்றிப் போடுங்கள். பைபர் மோடத்திலிருந்து டிவிக்கு லேன் வயர் போடாமல் வைஃபையில் விடுங்கள், கண்ணாடி இழையில் மின்னல் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வரும்.

மாட்டும்போது சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் கை போகிற அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுவதாக இருந்தால், யாரிடமாவது சாவி கொடுத்து அவ்வப்போது ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். தினம் ஓடுகிற டிவி சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், பூட்டிய வீட்டில் சும்மா கிடக்கிற டிவிதான் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். மூன்று வருஷ கூடுதல் வாரண்டி என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதெல்லாம் சேராது என்கிற பகுதியைப் படியுங்கள். துரு, தண்ணீர், கரண்ட் ஏற்றத்தாழ்வு மூன்றும் சேராது என்று இருந்தால் தங்கச்சிமடத்து வீட்டுக்கு அந்த அட்டை வேண்டாம், அந்தக் காசில் ஸ்டெபிலைசர் வாங்கிவிடலாம்.